முதல் கார், முதல் மாடிஃபிகேஷன்: எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

அலாய் வீல் முதல் ஈ.சி.யூ. ரீமேப் வரை... பணத்தைக் கொட்டுவதற்கு முன் புது ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம். கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு லோன். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரமே போனில் வரும் ரீல்ஸ் எல்லாம் கார் மயம்தான். தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷன், 17 இன்ச் அலாய், வெடிக்கிற எக்ஸாஸ்ட் சத்தம். ‘நம்ம வண்டியையும் இப்படி ஆக்கினா என்ன?’ என்ற ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆசையில் தப்பில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும், ஒவ்வொரு ஊரிலும் உள்ள கார் ஆக்சசரீஸ் கடைகளிலும் அந்த ஆசைக்கான பொருள் எல்லாமே கிடைக்கிறது. ஆனால் கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே அதை ரோட்டில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ரோட்டில் ஓட்டலாம் என்பதாலேயே வண்டிக்கு அது நல்லது என்றும் அர்த்தமில்லை. புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ‘முதலில் எதை மாற்றுவது?’ என்ற கேள்விக்கான பதிலை இந்த எண்களை மனதில் வைத்துத்தான் தேட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதுதான் அதன் சாரம். இன்ஜின், சேஸிஸ், எரிபொருள், நிறம், சீட் எண்ணிக்கை, பாடி வகை எல்லாம் இதில் வரும்.

இதை இன்னும் தெளிவாக்கியது 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கேரளாவிலிருந்து போன வழக்கு அது. தயாரிப்பாளரின் ஒரிஜினல் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு சொன்னது.

அபராதம் எவ்வளவு? 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ‘ஒவ்வொரு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் என்றால் மூன்று முறை 5,000.

அப்போ எதுவுமே பண்ணக் கூடாதா? அப்படி இல்லை. நடைமுறையில் மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

தாராளமாகச் செய்யலாம்: மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ரிவர்ஸ் கேமரா, ஃப்ளோர் மேட், தரமான டயர், நல்ல பிரேக் பேட். ஆர்.சி.யில் உள்ள எதையும் இவை தொடுவதில்லை.

அனுமதி வாங்கிச் செய்யலாம்: பெட்ரோல் காருக்கு அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் பொருத்துவது, வண்டியின் நிறத்தை மாற்றுவது. வேலை முடிந்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். பெயின்ட் இல்லை, ஸ்டிக்கர் ராப்தான் என்றாலும் முழு வண்டியும் வேறு நிறத்தில் தெரிந்தால் செக்கிங்கில் கேள்வி வரும். முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தொடவே வேண்டாம்: சைலன்ஸரைக் கழற்றுவது, கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்குவது, புல் பார், மல்டி டோன் ஹார்ன், சிவப்பு - நீலம் மின்னும் விளக்கு, ஃபேன்ஸி நம்பர் பிளேட்.

கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டலாமா?

அதிகம் குழப்பும் கேள்வி இது. முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமாக இருந்தாலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. பின்னர் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்து, பிளாஸ்டிக் அடுக்கு கொண்ட ‘சேஃப்டி கிளேசிங்’ கண்ணாடிகளுக்கு இடம் கிடைத்தது. அதன் அடிப்படையில், 70-50 அளவுக்குள் இருக்கும் தரச்சான்று பெற்ற ஃபிலிமை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் ஓட்டுபவர்கள் இதை வைத்து தைரியமாக ஒட்டிவிடக் கூடாது. தீர்ப்பு வேறு மாநில உயர் நீதிமன்றத்துடையது. ரோட்டில் நிறுத்தும் காவலர் 2012 தீர்ப்பைச் சொல்லி அபராதம் போட வாய்ப்பு உண்டு. வெயில்தான் பிரச்சினை என்றால் கழற்றி மாட்டும் சன் ஷேடை நிறுத்தியிருக்கும்போது போட்டுக்கொள்வது சிக்கலில்லாத வழி.

புல் பார் ஏன் கூடாது?

‘முன்னாடி கம்பி இருந்தா வண்டிக்கு சேஃப்டிதானே?’ என்று தோன்றும். உண்மை நேர்மாறு. காரின் முன்பகுதி மோதும்போது நசுங்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நசுங்குவதன் மூலம் மோதலின் வேகத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். ஏர்பேக் சென்சார்களும் அந்த நசுங்கலை நம்பித்தான் வேலை செய்கின்றன. இரும்புக் கம்பி குறுக்கே வந்தால் மோதலின் விசை நேராக சேஸிஸுக்குப் போகும். ஏர்பேக் விரியும் நேரமும் தவறலாம். எதிரே வரும் பாதசாரிக்கு அந்தக் கம்பி இன்னும் மோசம். அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

இதே காரணத்தால் சீட் கவரிலும் கவனம் தேவை. சீட்டின் ஓரத்திலிருந்து விரியும் சைடு ஏர்பேக் உள்ள கார்களில் முழுக்க மூடித் தைத்த சீட் கவர் போட்டால், ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாது. சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்ற சின்ன லேபிள் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடம் திறந்திருக்கும் கவரை வாங்குங்கள்.

அலாய் வீல்: அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு

புதியவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரிஜினல் டயர் 185/65 ஆர்15. இதில் 185 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். அப்படியானால் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.

இதற்குப் பதிலாக 205/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் சுமார் 616 மி.மீ. கிட்டத்தட்ட அதே அளவு, எனவே ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. மழைக்காலத்தில் நம்ம ஊர் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் வளைவதும், டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்குவதும் இதனால்தான். வீங்கிய டயர் ஹைவேயில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

மாறாக, ரிம்மை மாற்றாமல் 205/65 ஆர்15 என்று தடிமனான டயரைப் போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிவிடும். ஒரிஜினலைவிட 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் காட்டும் அளவைவிட வண்டி 4 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடும். மொத்த விட்டத்தில் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

இது தவிர போல்ட் வட்டத்தின் அளவு, ஆஃப்செட், நடு ஓட்டையின் அளவு, லோடு ரேட்டிங் நான்கும் பொருந்த வேண்டும். ‘ஸ்பேசர் வெச்சு உக்கார வெச்சிடலாம்’ என்று கடையில் சொன்னால் அந்த வீல் உங்கள் காருக்கானது இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பத்திரமான வழி ஒன்று உண்டு. உங்கள் கார் மாடலின் டாப் வேரியன்ட்டில் நிறுவனமே என்ன அளவு வீல், டயர் தருகிறது என்று பார்த்து அதை மட்டும் போடுவது.

லைட்: பிரகாசம் கூடினால் போதாது

எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். ‘100/90 போடு, ரோடு பகல் மாதிரி தெரியும்’ என்பார்கள். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு எடுப்பது சுமார் 4.6 ஆம்பியர், 100 வாட் பல்பு எடுப்பது சுமார் 8.3 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. பல்பு ஹோல்டர் உருகுவது, இன்சுலேஷன் கருகுவது எல்லாம் இப்படித்தான். வயரை வெட்டி டேப் சுற்றி ஒட்டும் வேலையும் சேர்ந்தால் தீ விபத்துக்கே வழி திறந்துவிடுகிறோம்.

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் ஹெச்.ஐ.டி. அல்லது மலிவான எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெளிச்சம் சிதறும். ஓட்டுபவருக்குப் பக்கத்து ரோடு பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது. எதிரே வருபவருக்கோ கண்ணே தெரியாது. உண்மையில் செய்ய வேண்டியது மஞ்சள் பூத்த ஹெட்லைட் மூடியை பாலிஷ் போடுவதும், லைட்டின் உயரத்தைச் சரியாக செட் செய்வதும்தான். செலவும் குறைவு.

சத்தம், பவர், உயரம்

எக்ஸாஸ்ட்: டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காரில் கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம்தான், பவர் கூடியது போலத் தோன்றுவது காதின் வேலை. கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்கினால் விஷ வாயுக்கள் வடிகட்டப்படாமல் வெளியேறும், பி.எஸ்.-6 கார்களில் உடனே செக் இன்ஜின் லைட் எரியும், புகைச் சான்றிதழிலும் தோற்கும். ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190(2) பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசென்ஸ் 3 மாதம் முடங்கும்.

கோன் ஏர் ஃபில்டர்: ஒரிஜினல் பாக்ஸ் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும். திறந்த ஃபில்டர் இன்ஜின் அறையின் சூடான காற்றை இழுக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. மே மாத வெயிலில், டிராஃபிக்கில், பணம் கொடுத்து பவரைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

ஈ.சி.யூ. ரீமேப்: டர்போ இன்ஜின்களில் இது உண்மையாகவே வேலை செய்யும், ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும். டர்போ இல்லாத இன்ஜினில் பெரிய பலன் இருக்காது. ஆனால் நிறுவனம் இன்ஜினில் விட்டுவைத்திருக்கும் இடைவெளி வீணுக்கு இல்லை. தரம் குறைந்த பெட்ரோல், 40 டிகிரி வெயில், ஃபுல் லோடு மலைப்பாதை எல்லாவற்றையும் தாங்கத்தான் அது. கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பழைய பவருக்கு அளவெடுத்தவை. வாரன்ட்டி காலத்தில் செய்தால், இன்ஜின் தொடர்பான வாரன்ட்டி போய்விடும் என்று எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும்.

வண்டியைத் தாழ்த்துவது: ஸ்பிரிங்கை கட் பண்ணித் தாழ்த்துவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி, இருப்பதிலேயே ஆபத்தானதும் அதுதான். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியில் தன் இடத்தைவிட்டு நகரலாம். ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போகும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் ஆயில் சம்ப் அடி வாங்கும். ஒரு சம்ப் உடைந்து ஆயில் கொட்டிய பிறகும் ஓட்டினால் இன்ஜினே காலி.

முதல் பணத்தை எங்கே போடலாம்?

வண்டியை நிறுத்தும் பாகங்களில். ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த ரோடு. 60 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 80-ல் சுமார் 69 மீட்டர். 100-ல் சுமார் 97 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. தேய்ந்த டயர், ஈர ரோடு என்றால் இன்னும் நீளும்.

அதனால் வரிசை இப்படி இருக்கலாம். முதலில் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரின் ரப்பர் இறுகியிருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து பிரேக் பேட், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து, கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பிறகு ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட், வைப்பர் பிளேடு, ஹெட்லைட். இவை எல்லாம் முடிந்து பணம் மிச்சமிருந்தால் அலாய் பற்றி யோசிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்?

வண்டியின் மதிப்பையோ திறனையோ மாற்றும் எதையும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்தின்போது சொந்த சேதத்துக்கான கிளெய்ம் குறையலாம் அல்லது மறுக்கப்படலாம். 40,000 ரூபாய் அலாய்க்காக பல லட்சம் ரூபாய் கிளெய்மைப் பணயம் வைப்பது லாபக் கணக்கு இல்லை. வேலை செய்த ஷெட்டில் பில் வாங்குவதும், கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வைப்பதும் கட்டாயம். பின்னால் வண்டியை விற்கும்போது ஒரிஜினல் பாகங்கள் இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும்.

ஓட்டும் கையையும் தயார் செய்யுங்கள்

சீட்டில் முதுகு ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க அமுக்கிய பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ரீல்ஸில் வருவதுபோல் சாய்ந்து படுத்து ஓட்டினால், அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியாது.

இப்போதைய கார்களில் ஏ.பி.எஸ். இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதித்தபடியே, கார் போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஆளில்லாத தனியார் மைதானத்தில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 40 கி.மீ. வேகத்தில் ஒருமுறை பழகிப் பாருங்கள்.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நீங்கள் அதைத் தாண்ட மூன்று நொடியாவது ஆக வேண்டும். மழை என்றால் இன்னும் அதிகம். பின் சீட்டில் இருப்பவருக்கும் பெல்ட் கட்டாயம்.

தம்பியோ, 18 வயது ஆகாத நண்பனோ ‘ஒரே ஒரு ரவுண்டு’ கேட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிச் சிக்கினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

வேகமா ஓட்டணும்னு ஆசையா?

அதற்கும் இடம் இருக்கிறது, ஈ.சி.ஆர். அல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் டிராக் இயங்குகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அந்த டிராக்கின் நீளம் சுமார் 3.7 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான். இன்ஜினீயரிங் படிப்பவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்ட பாஹா எஸ்.ஏ.இ., ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகள் உண்டு.

பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவில் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய் வரை போகும். டிராக்குக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸில் ரேஸ், வேகச் சோதனைக்கு கவர் கிடையாது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. காயமின்றி இறங்கி நடந்தார். சில நாட்களில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடமும் பிடித்தது. அந்த காரில் ரோல் கேஜ் உண்டு, உடம்பைப் பல இடங்களில் பிடித்துக்கொள்ளும் பெல்ட் உண்டு, ஹெல்மெட் உண்டு. எதிரே வரும் வண்டி கிடையாது, ரோட்டைக் கடக்கும் ஆள் கிடையாது. ரீல்ஸில் அந்த வேகம் மட்டும் தெரிகிறது. வீட்டு வாசலில் நிற்கும் ஹேட்ச்பேக்கில் இதில் எதுவும் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. இது ஆர்.சி.யில் உள்ள எதையாவது மாற்றுகிறதா?
2. வயரை வெட்ட வேண்டுமா, கப்ளரில் மாட்டினால் போதுமா?
3. ஏர்பேக், பிரேக், லைட் எதையாவது இது தொடுகிறதா?
4. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்ல முடியுமா?
5. நாளைக்கே கழற்றி ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

பதிலில் சந்தேகம் வந்தால், அந்தப் பணத்தில் இந்த மாதம் நான்கு நல்ல டயர் வாங்குங்கள். ஸ்டேட்டஸில் போட அதில் ஒன்றும் இருக்காது. மழை நாளில் முன்னால் போகும் லாரி திடீரென நிற்கும்போது, வண்டியை நிறுத்தித் தருவது அதுதான்.